சளிக் கச்சேரி

பல் டாக்டருக்கு ஐம்பதை நெருங்குகிற வயதில் பாட்டுப் பைத்தியம் பிடித்தது. அதுவும் எந்தப் பாட்டு? பதினைந்து வயதில் அவரே ‘சளிக் கச்சேரி’ என்று பெயர் வைத்துத் தெருவெல்லாம் பரப்பிவிட்ட நாலு பேர் குழுவின் பாட்டு. போன வருஷம் வாடகைக் காரில் நெரிசலில் மாட்டிக்கொண்டபோது ரேடியோவில் கேட்டாராம். இறங்க வேண்டிய இடம் வந்தும், பாட்டு முடியும்வரை இறங்கவில்லையாம். அன்றிலிருந்து கிளினிக்கில் பல் குடையும் சத்தத்துக்கு நடுவே அதே பாட்டுகள்தான். வாயைப் பிளந்து படுத்திருப்பவர்கள் நிறுத்தச் சொல்லவா முடியும்?

முன்னறையில் நோட்டோடு உட்கார்ந்து பெயர் எழுதுபவள் அவருடைய அக்கா. அந்தக் குழுவின் பாடகரைத்தான் அவள் கட்டிக்கொள்வதாக இருந்தது. கல்யாணம் பேச அவர் இவர்கள் வீட்டுக்கு வந்த அன்று, தம்பி மூக்கில் துணி கிளிப்பை மாட்டிக்கொண்டு, அவர் முன்னாலேயே அவர் பாட்டைப் பாடிக் காட்டினான். அக்கா அடக்கித்தான் பார்த்தாள். முடியவில்லை; குடித்த தண்ணீர் மூக்கில் ஏறச் சிரித்துவிட்டாள். மனுஷர் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்தான். அதற்கப்புறம் அவளுக்குக் கல்யாணமும் ஆகவில்லை, அவள் சிரித்து யாரும் பார்க்கவும் இல்லை.

அந்தப் பாடகர் போன செவ்வாய்க்கிழமை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். வந்த வலியில் வாசல் போர்டைப் படிக்கவில்லை. அவளைப் பார்த்த பிறகு திரும்பிப் போகலாமென்றால், வலி விடவில்லை.

“நல்லா இருக்கீங்களா?” என்றாள் அக்கா.

“பல்லு மட்டும்தான் சரியில்ல.”

காத்திருந்த இரண்டு பேரை விட்டுவிட்டு அவரை முதலில் அனுப்பினாள்.

டாக்டருக்கு அவரைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. அவரிடம் மன்னிப்பு வாங்கிவிட வேண்டும் என்று ஒரு வருஷமாக ஒத்திகை பார்த்தவர். ஆனால் எதிராளி பதில் சொல்லக்கூடிய நிலையில் இருக்கும்போது கேட்கத் துணிச்சல் வேண்டுமே. ஊசி போட்டு மரக்கவைத்து, வாய் மூடாமலிருக்க ரப்பர் கட்டை வைத்து, பஞ்சு அடைத்து, பாதிப் பல்லைக் குடைந்த பிறகுதான் முகமூடியை இறக்கினார்.

“அண்ணே, நான்தான் அந்தத் தம்பி. அப்ப எனக்குக் காது இருந்தும் இல்ல. இப்ப உங்க பாட்டு இல்லாம சோறு இறங்க மாட்டேங்குது. ஒவ்வொரு வரியும் மனப்பாடம், கேளுங்க.”

பாடகரின் கண்கள் விரிந்தன. கோபமா கனிவா என்று டாக்டருக்குப் பிடிபடவில்லை; அவர் படித்தது பல்லைப் பற்றி மட்டும். ஓடிக்கொண்டிருந்த பாட்டோடு சேர்ந்து பாடினார். உருகித்தான் பாடினார். வந்தது மூக்கால். அந்தப் பாட்டை அவர் பாடிப் பழகியிருந்தது அந்த ஒரே விதத்தில்தானே.

முன்னறையில் அக்கா சிரித்தாள். முப்பது வருஷத்துச் சிரிப்பையும் சேர்த்து, மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

பாடகர் கட்டையையும் பஞ்சையும் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்தார். “அன்னைக்குச் சின்னப் பையன்னு விட்டேன்,” என்று மரத்த வாயால் குழறினார். குடைந்த பல்லோடு அவர் வெளியேறும்போது, கண்ணைத் துடைத்துக்கொண்டே அக்கா பழக்கதோஷத்தில், “அடுத்த தேதி போடட்டுமா?” என்றாள்.

“ஏன்க்கா சிரிச்ச?” முன்னறைக்கு வந்து கேட்டார் டாக்டர்.

“அன்னையிலேர்ந்து அந்தப் பாட்டு எனக்கு அவர் குரல்ல கேட்டதே இல்லடா. எங்க போட்டாலும் உன் மூக்குதான் கேக்குது. ஒரு வருஷமா தினம் போடறே. தினம் அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

நோட்டில் பாடகரின் பெயரை ஸ்கேல் வைத்து நேராக அடித்தாள்.

“அடுத்த ஆள அனுப்பவா?”