கடலடிப் புல்

தொண்டிக்கு எதிரே நங்கூரம் போட்டிருந்த பாய்மரக் கப்பலில் நின்று, கடலின் நுண்ணுயிர்களை அள்ளும் மெல்லிய வலையை யுவராணி பாதி தூக்கியிருந்தபோது போன் அடித்தது. வலையைத் தோழியிடம் கொடுத்துவிட்டு எடுத்தாள். அண்ணன் மாரிச்செல்வம்.

முந்தின நாள்தான் அய்யாவை ஆஸ்பத்திரியிலிருந்து ஆர்.எஸ்.மங்கலத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். நுரையீரல் கெட்டுவிட்டது. பத்து நாளாவது தாங்கும் என்று டாக்டர் சொன்னதால், கடல் படிப்பின் இந்தப் பயணத்தை முடித்துவிட்டே பிள்ளை வரட்டும் என்று அய்யாவே சொல்லிவிட்டார்.

"மூச்சு வேற மாதிரி வருதுத்தா," என்றான் அண்ணன். "ஒன்னத்தான் கேக்குறாரு. ஸ்பீக்கர்ல போடுறேன், பேசு."

அந்தக் கப்பலுக்கு எஞ்சின் கிடையாது. காற்றும் விழுந்து பாய்கள் தொங்கின. இருந்த ஒரே மோட்டார் படகு குடிதண்ணீர் எடுக்கக் கரைக்குப் போயிருந்தது. உடனே திரும்பச் சொல்லி கேப்டன் ஜாபர் சாதிக் வயர்லெஸ்ஸில் பேசினார். வந்து சேர முக்கால் மணி நேரமாகும்.

அய்யாவிடம் அவள் அதிகம் பேசியதில்லை. நாலு ஏக்கர் நெல்லைத் தவிர எதனோடும் அதிகம் பேசாத மனுஷர் அவள் தகப்பன் நாகேந்திரன். கடலைப் பற்றிப் படிக்கப்போகிறேன் என்று அவள் சொன்ன அன்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார், அந்தத் தண்ணிக்குக் கீழே மண் எப்படி இருக்கும் என்று. அன்று அவளுக்குத் தெரியவில்லை.

கப்பலின் விளிம்பில் மண்டியிட்டுக் குனிந்தாள். தண்ணீர் அசையாமல் கண்ணாடியாகக் கிடந்தது.

"அய்யா, இங்கன அடியில மணலு. அம்புட்டும் புல்லு மொளச்சுக் கெடக்கு. நம்ம வயலு மாதிரி."

போனில் மூச்சு இழுபட்டது. பிறகு, "ஆழமா?"

"இல்லய்யா. அடி தெரியுது."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். அந்தப் புல்லைக் கடல்பசு மேயவருவதை, மேய்ந்த தடம் உழுத சால் போல நீண்டு கிடப்பதை, காலையில் முங்கிப்போய் ஒரு சாலில் கையை வைத்துப் பார்த்ததைச் சொன்னாள். தண்ணீருக்குள்ளேயே அந்தப் புல் பூக்கும் என்றாள். மகரந்தத்தை நீரோட்டமே சுமந்துபோகும் என்றாள். கீழே புல் முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்து, நிதானமாக மறுபக்கம் சாய்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் தன் குரல் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. காதில் விழுவது மூச்சா, போனின் இரைச்சலா என்று தெரியவில்லை. ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இன்னுங் கொஞ்சம் சொல்லு," என்றான் அண்ணன்.

படகு வரும்வரை சொன்னாள்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். தாடையைச் சேர்த்துத் துணி கட்டி அய்யாவை பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். அண்ணன் அவளைத் தனியே கூப்பிட்டான்.

"கடல்பசுன்னு சொன்னியே, அப்பவே போயிட்டாருத்தா."

"பெறகு எதுக்கு இன்னுஞ் சொல்லச் சொன்ன?"

அவன் தெருவைப் பார்த்தான். "எனக்குக் கேக்கணும்போல இருந்துச்சு."

அவள் போய் அய்யாவின் கால்மாட்டில் நின்றாள். நாள்கணக்கில் கடலில் இருந்த உடம்புக்குத் தரை இன்னும் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் லேசாக ஆடுவதைப் பார்த்து, மயங்கி விழப்போகிறாள் என்று நினைத்துச் சித்தி கருத்தம்மாள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். யுவராணி கால்களைச் சற்று அகட்டி ஊன்றி, அசைவுக்குத் தக்கபடி நின்றாள்.