குஞ்சம்மாள் போட்ட பூட்டு

காலை வணக்கம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போனதும், குஞ்சம்மாள் பள்ளியின் இரும்புக் கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தி, தன் வீட்டுப் பூட்டைக் கொண்டுவந்து மாட்டினாள். உள்ளே பிள்ளைகளைத் தவிர மூன்று பேர் இருந்தார்கள். மாறுதல் ஆணை வாங்கிப் புறப்பட இருந்த ஆசிரியை ராதிகா, அவருடைய இடத்துக்கு அன்றைய முதல் பஸ்ஸில் கள்ளக்குறிச்சியிலிருந்து வந்திருந்த பகலவன், சத்துணவு சமைக்கும் பூமாலை.

"டீச்சர உட மாட்டோம்," என்றாள் குஞ்சம்மாள். அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். "சார் வந்தது வந்துட்டாரு, அவரும் இருக்கட்டும். ரெண்டு பேரு இருந்தா பசங்களுக்கு நல்லதுதான்."

பகலவனுக்கு அதுதான் முதல் வேலை, முதல் நாள். என்ன செய்வதென்று தெரியாமல் பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றார்.

கடுக்காய்வளவு கல்வராயன் மலையில், கச்சிராயபாளையத்திலிருந்து ஏறிவரும் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் சிற்றூர். பொங்கல் முடிந்தால் பாதி ஊர் குடகுக்கு மிளகு பறிக்கப் போய்விடும், சித்திரையில்தான் திரும்பும். முன்பெல்லாம் பிள்ளைகளும் கூடவே போனார்கள். திரும்பி வரும்போது படித்தது மறந்திருக்கும், மூன்றாம் வகுப்போடு பாதிப்பேர் நின்றுவிடுவார்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்த ராதிகா, இரண்டாவது தையில் வீடு வீடாகப் போய், "பசங்கள என்கிட்ட உட்டுட்டுப் போங்க" என்று கேட்டார். ஊரிலேயே அவர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் பிள்ளைகள் தங்கினார்கள். போகிற குடும்பம் ஒவ்வொன்றும் சாமை அரிசி கொடுத்துவிட்டுப் போயிற்று. இரவில் பூமாலை துணைக்குப் படுத்தாள். அப்படி முதலில் தங்கியவர்களில் ஒருவன் குஞ்சம்மாளின் மகன் இளவரசன். இப்போது கள்ளக்குறிச்சியில் ஐ.டி.ஐ. படிக்கிறான். மகள் தேவதர்ஷினி இங்கே நான்காம் வகுப்பு.

போன ஆண்டு ராதிகாவின் கணவர் நாராயணசாமிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. திருக்கோவிலூரில் அவரைப் பார்த்துக்கொண்ட நாத்தனார் இனி இருக்க முடியாதென்று சொல்லிவிட்டார். அந்த ஊர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. மறுநாள் காலை போய்ச் சேராவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். மலையிறங்க இரண்டு மணி பஸ்ஸை விட்டால் பிறகு இருட்டும் நேரத்துப் பஸ்தான், அதில் போனால் அன்றிரவு திருக்கோவிலூர் போய்ச் சேர முடியாது.

ராதிகா கதவுக் கம்பியருகே வந்தார். "அவருக்குச் சட்ட மாட்டி உட ஆள் இல்ல, குஞ்சம்மா."

"அண்ணன இங்க கூட்டியாந்துடுங்க. நாங்க பாத்துக்கறோம்."

"வாரத்துக்கு ரெண்டு வாட்டி ஆஸ்பத்திரிக்குப் போவணும். இந்த ரோட்டுல யாரு கூட்டிக்கினு போறது, நீயா?"

"தூக்கிக்கினு போறேன். என்னக் கம்மியா எட போடாதீங்க."

பெண்கள் சிரித்தார்கள். குஞ்சம்மாள் சிரிக்கவில்லை. "நீங்க இருக்கிறீங்கன்னுதான் உட்டுட்டுப் போறோம் டீச்சர். நீங்க போயிட்டா எம் பொண்ணையும் மூட்டையோட மூட்டையா வண்டியில ஏத்திக்கினு போவ வேண்டியதுதான். இவ படிப்பு இதோட சரி."

ராதிகா, "போன வருசம் மாசியில நான் இங்க இல்ல" என்றார்.

"நாலு நாளு போயிட்டு வந்தீங்க. அதான் தெரியுமே."

"நாலு நாள் இல்ல. மாசி முழுக்க அவரோட ஆஸ்பத்திரியில இருந்தேன். பங்குனியிலதான் வந்தேன்."

"இன்னா சொல்றீங்க? நாலு நாள்ல வந்துட்டாங்கன்னு இல்ல போன்ல சொன்னாங்க?"

"நாந்தான் சொன்னேன்," என்றாள் பூமாலை, சமையல் கட்டிலிருந்து கரண்டியோடு வந்து. "இல்லன்னு சொல்லியிருந்தா அத்தினி பேரும் அடுத்த வண்டியிலயே எறங்கியிருப்பீங்க. டீச்சருக்கே நான் இப்படிச் சொன்னது அப்புறந்தான் தெரியும்."

"அப்ப எம் பொண்ண யாருடி பாத்தது?"

"ஆங், மலையில இருக்கிற நரி பாத்துச்சு. நான் ஒருத்தி இங்க இன்னாத்துக்கு இருக்கிறேன்?"

ராதிகா குறுக்கே புகுந்து சொன்னார். பகலில் பாடம் நடத்தப் பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து ஒரு ஆசிரியர் வந்து போனார். மாலையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சின்னவர்களை உட்காரவைத்துப் படிக்க வைத்தார்கள். அது ராதிகா வந்த நாளிலிருந்து பழக்கியது. அவர் இல்லாததால் நின்றுபோகவில்லை.

சன்னலில் முகத்தை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த தேவதர்ஷினி, "எனக்குக் காய்ச்சல் வந்துச்சே, அப்ப பூமாலை அத்ததான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போச்சு" என்றாள்.

குஞ்சம்மாளுக்கு அந்தக் காய்ச்சலும் புதுச் செய்தி. அவள் முகம் சிவந்தது. "எங்கிட்ட ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. நான் அங்க தோட்டத்துல டீச்சர் இருக்காங்க, டீச்சர் இருக்காங்கன்னு சொல்லிகினு இருந்தேன்."

"நீ திரும்பி வந்ததும் நான் சொல்லியிருக்கணும்," என்றார் ராதிகா. "பொண்ணு நல்லா இருந்தா. அதனால சொல்லல. தப்புதான்."

கூட்டத்தில் இரண்டு பெண்கள் வேலை இருக்கிறதென்று நழுவினார்கள். குஞ்சம்மாள் பகலவன் பக்கம் திரும்பினாள்.

"சார், நீங்க ராத்திரி தங்குவீங்களா?"

"தெரியலம்மா. எங்கம்மா கள்ளக்குறிச்சியில தனியா இருக்காங்க. பஸ்ல வந்துட்டுப் போறதாத்தான் இருக்கிறேன்."

"கையெழுத்துப் போட்டுட்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடுவீங்களா?"

"இல்லம்மா. சாயந்திரம் பசங்க படிச்சு முடிக்கிற வரைக்கும் இருப்பேன்."

"தங்குறேன்னு சொல்லிட்டு ஓடுறதுக்கு இது தேவல," என்றாள். பிறகு பூமாலையைப் பார்த்து, "நீ?"

"எனக்கு எவன் மாறுதல் குடுக்கப் போறான்? பசங்க எங்க வூட்ல படுக்கட்டும். எடம் இருக்குது."

"இந்த வாட்டி போன்ல பொய் சொன்னா வந்து அடுப்ப இடிச்சிடுவேன்."

"இடிச்சா நீதான் திருப்பிக் கட்டணும். இப்பக் கதவத் தெற. எண்ணெ வாங்கணும், பசங்களுக்குச் சோறு ஆவணும்."

குஞ்சம்மாள் பூட்டைத் திறந்தாள். ராதிகாவின் முகத்தைப் பார்க்காமலே வீட்டுக்குப் போனாள்.

இரண்டு மணி வரைக்கும் ராதிகா பகலவனுடன் ஒவ்வொரு வகுப்பிலும் உட்கார்ந்தார். எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை, யாருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, எந்தப் பையனைத் திட்டினால் ஒரு வாரம் வரமாட்டான் என்று சொல்லிக்கொண்டே போனார். பஸ்ஸுக்கு ஊரில் பலர் வந்தார்கள். குஞ்சம்மாள் வரவில்லை.

பொங்கல் கழிந்து குடகு வண்டி வந்த காலையில், ஒரு மூட்டைச் சாமை அரிசியும் மகளின் துணிப்பையும் பூமாலையின் வீட்டில் இறங்கின. குஞ்சம்மாள் மற்றவர்களோடு வண்டியில் ஏறினாள். வகுப்பில் இருந்த தேவதர்ஷினி வண்டிச் சத்தம் கேட்டு எழுந்து நின்றாள். பகலவன் போய்ப் பார்க்கச் சொன்னார். அவள் கதவு வரைக்கும் ஓடி, வண்டி வளைவில் திரும்பி மறையும்வரை நின்றுவிட்டு, வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.