ராட்டினத்தின் கதவு

அந்த எந்திரத்தை நாங்கள் ராட்டினம் என்றுதான் சொல்வோம். ஆளுயரக் காகித உருளையை ஒரு பக்கம் பிரித்து, வெட்டி, மறுபக்கம் சின்னச் சின்ன உருளைகளாகச் சுற்றித் தள்ளும். அதை ஓட்டுவது நான். அதற்குக் கரண்ட் வேலை பார்ப்பது என் வீட்டுக்காரர். வீட்டில் ஒரு பல்பு போனால் மாதக்கணக்கில் மாற்ற மாட்டார். தொழிற்சாலையில் மட்டும் கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்பார்.

ராட்டினத்தைச் சுற்றிக் கம்பி வலை. அதில் ஒரு கதவு. கதவைத் திறந்தால் மோட்டார் நின்றுவிட வேண்டும். அதற்கென்றே கதவில் ஒரு சுவிட்ச் உண்டு. காகிதம் அறுந்துபோகும் போதெல்லாம் கதவைத் திறக்க, எந்திரம் நிற்க, மறுபடி வேகம் பிடிக்க நேரமாகிறதென்று மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறந்தால் 'உடனே' என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயரே உடனே சார். அவர் சொன்னாரென்று, என் வீட்டுக்காரர் கரண்ட் பேனலுக்குள் அந்தச் சுவிட்சின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டார். அதன் பிறகு கதவு திறந்து கிடந்தாலும் மூடியிருப்பதாகவே எந்திரம் நினைத்துக்கொள்ளும்.

"ரெண்டு நாளைக்குத்தான்மா," என்றார் என்னிடம்.

வெயில் போய் மழை வந்து, மழையும் ஓய்ந்துவிட்டது. ஒயர் அங்கேயே இருந்தது.

ஒரு நாள் காலையில் கரண்ட் போனது. சுற்றிக்கொண்டிருந்த உருளை தள்ளாடி நின்றது. என்னோடு அந்த எந்திரத்தில் நிற்கும் பெண் அறுந்த காகிதத்தை எடுக்கக் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டாள். துறுதுறுவென்று இருப்பாள், அதனால் அவளை எல்லோரும் சிட்டு என்போம். நான் மறுபக்கம் தூசி துடைத்துக்கொண்டிருந்தேன்.

கரண்ட் வந்தது. யாரும் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. மோட்டாரை ஓட்டும் டிரைவ் பெட்டி, விட்ட இடத்திலிருந்து தானாகவே ஓட்ட ஆரம்பித்தது. நேரம் வீணாகக் கூடாதென்று அதையும் அப்படித்தான் அமைத்து வைத்திருந்தார்கள்.

"அக்கா!"

பாய்ந்து போய்ச் சிவப்புப் பொத்தானை அறைந்தேன். அத்தனை எடை சட்டென்று நிற்குமா? சுற்றிச் சுற்றித்தான் ஓய்ந்தது. சிட்டுவின் வலது கையை உருளைகளுக்கு நடுவிலிருந்து வெளியே எடுத்தபோது விரல்கள் நசுங்கி, முழங்கை வரை தோல் உரிந்திருந்தது. என் வீட்டுக்காரர்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினார்.

வண்டி வாசலைத் தாண்டியிருக்காது. மேனேஜர் வந்துவிட்டார்.

"பாவம் அந்தப் பொண்ணு. ஆஸ்பத்திரி செலவெல்லாம் கம்பெனி பாத்துக்கும். நீ உடனே மிஷினை ஸ்டார்ட் பண்ணு."

தரையில் ரத்தத்தை இன்னும் துடைத்து முடிக்கவில்லை.

"ஓட்ட மாட்டேன் சார்."

"என்னது?"

"கதவைத் திறந்தா நிக்கிற மிஷினைத்தான் ஓட்டுவேன். இது நிக்காது."

"உன்னை விட்டா வேற ஆளே இல்லன்னு நெனப்பா?"

"இருந்தா கூப்பிடுங்க," என்று ராட்டினத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

வெட்டு மேசையில் இருந்த அக்காவைக் கூப்பிட்டார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேக்கிங்கில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பாரம் தூக்கும் வண்டிக்காரர் வண்டியை அணைத்துவிட்டு, "நின்னு நின்னு எனக்கும் கால் வலிக்குதுப்பா," என்று ஓரமாக அமர்ந்தார்.

அதற்குள் வண்டியை அனுப்பிவிட்டு என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். சட்டையெல்லாம் ரத்தம்.

"உன் பொண்டாட்டிய எந்திரிக்கச் சொல்லுய்யா," என்றார் மேனேஜர்.

என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், "எந்திரிம்மா. வீட்ல பேசிக்கலாம்," என்றார்.

"வீட்ல பேச என்ன இருக்கு? ஒயர் இங்கதான இருக்கு? போட்டது நீங்க. கழட்டவேண்டியதும் நீங்கதான்."

"வேலை போயிடும்மா."

"போகட்டும். அவ கை போச்சே, உங்க கையாலதான தூக்கினீங்க?"

அவர் பேனலுக்குப் போய் மெயினை அணைத்தார். அதில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"யாரைக் கேட்டு ஆஃப் பண்ண?" மேனேஜர் கத்தினார். உட்கார்ந்திருந்த எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். குரல் இறங்கியது. "சரி, கழட்டித் தொலை. உடனே கழட்டிட்டு ஓட்டுங்க."

என் வீட்டுக்காரர் பேனல் கதவைத் திறந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டிரைவ் பெட்டியில் குட்டியாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அதான் ஆஃப் பண்ணியாச்சே, என்ன வேடிக்கை?"

"உள்ள தேங்கியிருக்கிற கரண்ட் வடியணும் சார். இப்பத் தொட்டா ஆளைத் தூக்கி அடிச்சிடும். நீங்க படிச்ச படிப்புதான, உங்களுக்குத் தெரியாததா?"

"எல்லாம் தெரியும்யா. பாத்துப் பண்ணு."

"விளக்கு அணையட்டும்."

"பண்ணுங்கறேன்!"

"அப்ப நீங்க பண்ணுங்க சார்." ஸ்க்ரூடிரைவரை நீட்டினார்.

மேனேஜர் இரண்டு கையையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரர் யாரிடமும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

உடனே சார் காத்து நின்றார். நாங்களும் காத்திருந்தோம். விளக்கு மங்கி அணைந்தது. அதன் பிறகும் என் வீட்டுக்காரர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தார். ஒயரைப் பிடுங்கினார். பிறகு பூட்டை எடுத்து மெயினைப் போட்டு, கரண்ட் வந்ததும் தானே ஓடும் ஏற்பாட்டையும் மாற்றினார்.

"ஓட்டிப் பாரும்மா," என்றார்.

ஓட்டினேன். கதவைத் திறந்தேன். மோட்டார் அடங்கியது.

அடுத்த வாரமே அவரைப் பின்பக்கம் பம்பு ரூமுக்கு மாற்றினார்கள். எனக்கு ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்தார்கள். "பிடிக்கட்டும்," என்றார் என் வீட்டுக்காரர்.

காயம் ஆறி சிட்டு வேலைக்குத் திரும்பிய அன்று, மேனேஜர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நானும் கூடவே போனேன். 'என் கவனக்குறைவால்தான் என் கை மாட்டியது' என்று அவளே சொல்வதுபோல் எழுதிய தாளை அவள் பக்கம் தள்ளி, பேனாவையும் வைத்தார்.

சிட்டு நிதானமாகப் படித்தாள். மடங்காத விரல்களை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"நான் இந்தக் கையிலதான் சார் கையெழுத்துப் போடுவேன். இதுல இப்பப் பேனா நிக்கமாட்டேங்குது. கம்பெனி குணமாக்கிக் குடுக்கட்டும், போட்டுத் தர்றேன்."

சொல்லிவிட்டு எழுந்தாள். "வாங்கக்கா, வேலை கெடக்கு," என்று எனக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தாள்.