தீவுக்கு ஒரு காது

விளாங்குடியில் உட்கார்ந்துகொண்டு, பேர்கூட வாயில் நுழையாத ஒரு தீவின் பைன் காட்டுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள் முனீஸ்வரி. வேலையே அதுதான். அந்தக் காட்டு மரங்களில் கட்டிவைத்த கருவிகள் பதிந்த சத்தம் அவளுடைய லேப்டாப்புக்கு வரும். அதில் ஒரு சின்னக் குருவி கத்துகிறதா என்று கேட்டுச் சொல்ல வேண்டும். உலகத்திலேயே அந்தத் தீவில் மட்டும் இருந்த குருவி. பெரும்புயலுக்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. இந்தப் பதிவுகளிலும் இல்லையென்றால் தேடுவதையே நிறுத்திவிடுவார்களாம்.

குருவியின் பழைய குரலைக் கேட்கக் கொடுத்திருந்தார்கள். ரப்பர் பொம்மையை அமுக்கினால் வருமே, அந்தக் கீச்சு. கேட்டதுமே அவளுக்கு அதன்மேல் பாசம் ஒட்டிக்கொண்டது.

ஹெட்போனை இரண்டு காதிலும் மாட்ட வேண்டும் என்பது விதி. விதி போட்ட மகராசனுக்கு இடுப்பொடிந்து படுத்த மாமியார் இல்லை போலும். ஒரு காது தீவுக்கு, மற்றது அத்தை சுந்தரம்மாளுக்கு என்று முனீஸ்வரி பிரித்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலையில் கேட்டுவிட்டது, கீச் கீச் என்று. திரும்பப் போட்டுக் கேட்பதற்குள், "ஏத்தா, தண்ணி" என்று அத்தை கூப்பிட, 'இருக்கிறது' என்று குறித்து அனுப்பிவிட்டு ஓடினாள்.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து விஸ்வநாத் பேசினார். சந்தோஷத்தில் அவரும் பதிவைக் கேட்டுப் பார்க்கவில்லை.

"தீவுக்குச் சொல்லிட்டேன் முனீஸ்வரி. அங்க அழுதுட்டாங்களாம்."

அன்றைக்கு அவள் கேசரி கிண்டினாள்.

மறுநாள் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை, அதற்குள் கீச் கீச். வாசலுக்குப் போனாள். பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரியின் குழந்தை தத்தித் தத்தி நடந்து வந்தது. அடி வைக்கிறபோதெல்லாம் செருப்பு கத்தியது.

"நேத்துக் காலையிலதான் போட்டுவிட்டேங்க்கா. கழட்ட விடமாட்டேங்குறா" என்றாள் பாண்டீஸ்வரி.

முனீஸ்வரி விறுவிறுவென்று உள்ளே வந்து ஹெட்போனால் இரண்டு காதையும் மூடிக்கொண்டு அந்தப் பதிவைக் கேட்டாள். பைன் மரங்களில் காற்று இரைந்தது. வேறொன்றும் இல்லை. தீவுக்காரர்கள் இன்னும் நாலு நாள் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் போனை எடுத்தாள்.

"சார், அது குருவி இல்ல. எங்க தெருப் பிள்ளையோட செருப்பு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அதுதாங்க கடைசிப் பதிவு" என்று மட்டும் சொன்னார்.

போனை வைத்துவிட்டு விம்மி விம்மி அழுதாள். கட்டிலில் கிடந்த அத்தை பதறித் தலையைத் தூக்கினாள்.

"என்னத்தா, யாரும் தவறிட்டாகளா?"

"அதான் தெரியல அத்தை."