மாடியில் போட்ட மரம்

1974 கார்த்திகையில் ஒரு காலை, அடையாற்றில் ஓர் அருங்காட்சியகத்தின் முதல் மாடிக்குள் கடல் வந்தது. கீழ்த்தளம் நனையவில்லை.

இந்தக் கரையின் பூர்வகுடிகளான மீனவர்களைப் பற்றிய கண்காட்சி அது. குப்பத்து ஜனங்களோடு சேர்ந்து அதை வடிவமைக்கும் வேலை ஜெயபாரதிக்கு. ஆடி முதல் சாயங்காலந்தோறும் குப்பத்துக்குப் போனாள். வலையை எந்த உயரத்தில் தொங்கவிடுவது, கூடையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று அவர்கள் சொல்லச் சொல்ல வரைந்தாள். மீன் விற்கும் தேசம்மா, சேர்த்துக் கட்டினால் கட்டுமரமாகும் தன் வீட்டு மரங்கள் நான்கையும் கொடுத்தாள். அவள் புருஷன் பக்கிரி பிழைப்பதே அவற்றில்தான். மழைக்காலத்தில் அவன் கடலுக்குப் போவதில்லை; அது முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். அதுவரை கட்டவே கூடாது.

"அவுத்துப் போட்டா அது மரம். கட்டினா கடலுக்குப் பூடும். எங்கூட்டு சோறும்மா அது."

ஜெயபாரதி கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

திறப்பு விழாவன்று அருங்காட்சியகத் தலைவர் சந்திரமௌலி பலகையைப் படித்தார். "கட்டுமரம்னு எழுதியிருக்கியே, கட்டு எங்கேம்மா? வர்றவா விறகுக்கடைன்னு நினைச்சுண்டு போயிடுவா!" பத்திரிகைக்காரர்கள் படியேறிக்கொண்டிருந்தார்கள். வரைவதற்காகக் கற்றிருந்த முடிச்சுகளை ஜெயபாரதியே போட்டாள். கொஞ்ச நேரம்தானே, அவிழ்த்துவிடலாம் என்று நினைத்தாள். தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு மேலேறி, போட்டோவுக்கு நின்றார். பல்பு மின்னியதும் கிழக்கு ஜன்னல் வழியே அலை வந்தது. முழங்கால் வரை ஏறி, கட்டுமரத்தைத் தலைவரோடு தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனது. மிச்சக் கயிறு மட்டும் ஜெயபாரதியின் கையில் இருந்தது.

ஈரப் புடவையோடு குப்பத்துக்கு ஓடினாள். கயிற்றைப் பார்த்ததுமே தேசம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கட்டிட்டியா, பாவி! மேல யாராச்சும் கீறாங்களா?"

"எங்க தலைவர்."

"நீஞ்சுவாரா?"

"தெரியாதுக்கா."

"அப்ப மரத்த வுட மாட்டாரு," என்றாள் தேசம்மா, பாதி உயிர் வந்தவளாக. "மரம் பத்ரம்."

பொங்கலுக்கு முன் சந்திரமௌலி பாலவாக்கத்தில் கரையேறினார். நன்றாகக் கறுத்திருந்தார். முதல் வேலையாக முடிச்சுகளை அவிழ்த்து மரங்களைக் காயப்போட்டார். மறுநாளே பக்கிரி அவற்றோடு கடலுக்குப் போனான். கண்காட்சி வெறும் மேடையோடு நடந்தது. பலகையை தேசம்மா சொன்னபடி மாற்றி எழுதினார்கள்: "மரம். தொழிலுக்குப் போயிருக்கிறது." அலை ஏறும் நேரங்களில் மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். காவலாளி வடிவேலு, பார்க்க வருகிறவர்களிடம் செருப்பைக் கீழேயே விட்டுவிட்டுப் போகச் சொல்வார்.