நடுவில் விட்ட இடம்

பெர்சி பாஸ்க்கை அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர் மனைவி மேபல், காட்டுப்புறாக்களை ஏமாற்றி இறக்க வயலில் வைப்பதற்காகக் கொட்டகையில் கிடக்கும் பொம்மைப் புறாக்களில் வேண்டியதை எடுத்துக்கொள்ளும்படி என் அண்ணன் க்ளெமுக்குச் சொல்லி அனுப்பினார். பெர்சியும் க்ளெமும் ஒரே மறைப்பில் தோளோடு தோள் உட்கார்ந்து வருஷக்கணக்காகப் புறா சுட்டவர்கள். போகும்போது க்ளெம் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். விதவை வீட்டுக்குத் தனியாகப் போனால் ஊர் வாய் சும்மா இருக்காது என்றான். மேபலுக்கு எழுபது வயது இருக்கும்.

எங்களுக்கும் அது நல்ல சமயமாகத்தான் வந்தது. தேவாலயத்துக்குக் கீழே உள்ள பெரிய வயலில் மிஸ்டர் கூச் பட்டாணி விதைத்திருந்தார். முளை தலைகாட்டியதும் காட்டுப்புறாக்கள் மேகம்போல வந்து இறங்கும். அவற்றைச் சுட்டு வயலைக் காப்பது க்ளெமின் பொறுப்பு. அவனுடைய பொம்மைகளோ பழசாகிவிட்டன.

க்ளெம் ஒவ்வொரு பொம்மையாக எடுத்து, வாசல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். முதலில் பார்க்க வேண்டியது மினுமினுப்பு. பிளாஸ்டிக் தேயத் தேயப் பளபளக்கும். பனி பட்டால் கண்ணாடி மாதிரி மின்னும். மேலே பறக்கும் புறாவுக்கு அது போதும், பதறித் திரும்பிவிடும். கூட்டத்தில் ஒன்று அப்படி இருந்தாலும் மற்றதெல்லாம் வீண். அடுத்து கழுத்து. கழுத்தை நீட்டி நிற்கிற பொம்மை பயந்த புறா. தலை குனிந்து மேய்கிறதுதான் மற்றதைக் கூப்பிடும்.

மேபல் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த அக்கறையில பாதிய பொண்ணு தேடுறதுல காட்டியிருந்தா, இந்நேரம் உன் சட்டைய பாவம் ஆட்ரி துவைக்க வேண்டியிருக்காது" என்று என்னைக் காட்டிச் சொன்னார்.

"பொண்ணுங்க இப்படி அசையாம நின்னு காட்ட மாட்டாங்களே, மிஸஸ் பாஸ்க்."

ஒரு பொம்மையைப் பார்த்ததும் க்ளெம் சத்தமாகவே சிரித்துவிட்டான். வாசல் கதவுக்கு அடித்த மிச்ச வண்ணத்தைப் பெர்சி அதன்மேல் பூசியிருந்தார். சாம்பல் நீலத்தில் ஒரே பளபளப்பு. வால் விரிசல் விட்டிருந்தது. ஒரு கண் மேலேயும் ஒரு கண் கீழேயும் பார்த்தது. "இது ஒண்ணு போதும், மாவட்டத்துல உள்ள மொத்தப் புறாவையும் கடலுக்கு ஓட்டிடலாம்" என்று மூலையில் எறிந்தான். நான் அதை எடுத்து என் கூடையில் போட்டுக்கொண்டேன். எனக்கு அதைப் பிடித்திருந்தது.

பிறகுதான் மேல் பலகையில் இருந்த மரப்புறாக்களை க்ளெம் பார்த்தான். பெர்சி கையால் செதுக்கியவை. சுண்ணாம்பும் கரியும் கலந்த பூச்சு, வெளிச்சத்தைக் குடித்துவிட்டு ஒன்றையும் திருப்பித் தராத பூச்சு. கழுத்தின் வெள்ளைத் திட்டும் இறக்கையின் வெள்ளைக் கோடும் அச்சு அசலாக இருந்தன. க்ளெம் அவற்றைத் தொடாமல் கொஞ்ச நேரம் நின்றான். எல்லாம் பின்சுவரைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"ஏன் சுவத்தப் பாத்து வெச்சிருக்கீங்க?" என்று கேட்டான்.

"நான் எங்க வெச்சேன்? இன்னைக்கு வடக்குக் காத்து. தெக்குலேர்ந்து வீசினா இந்தப் பக்கம் திரும்பியிருக்கும். துணி காயப்போடுறதுக்கு முன்னாடி நான் இதுங்களத்தான் வந்து பாக்குறேன்."

புறா எப்போதும் காற்றை எதிர்கொண்டுதான் உட்காரும். அதனால் இது வேட்டைக்காரர் வீட்டு வேடிக்கை என்று நினைத்து க்ளெம் சிரித்தான். மேபல் சிரிக்கவில்லை. "அத்தனையும் எடுத்துக்கிட்டுப் போ. ஒண்ணகூட விட்டுடாத" என்றார். சாக்கை அவரே விரித்துப் பிடித்தார். க்ளெம் வேறு எதையும் எடுக்கவில்லை.

மறுநாள் மதியம் நான் தேநீரும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். வேலியோரம் வலைகட்டிய மறைப்புக்குள் க்ளெம் உட்கார்ந்திருந்தான். எதிரே மரப்புறாக்களைக் குதிரை லாடம் மாதிரி வைத்திருந்தான். லாடத்தின் நடுவில் வெறும் மண்ணாக ஓர் இடம் விட்டிருந்தான். அப்படித்தான் எல்லோரும் வைப்பார்கள். வருகிற புறாவுக்குத் தன் கூட்டம் மேய்வது தெரியும். நடுவில் இடம் இருப்பதும் தெரியும். அங்கேயே வந்து இறங்கும். துப்பாக்கி அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

அன்று புறாக்கள் வந்தன. இதற்குமுன் அப்படி வந்து நான் பார்த்ததில்லை. ஒரு வட்டம்கூட அடிக்காமல், கூண்டுக்குத் திரும்புகிற மாதிரி நேராக இறங்கின. ஆனால் ஒன்றுகூட நடுவில் இறங்கவில்லை. லாடத்துக்கு வெளியே, பின்னால், பக்கவாட்டில் என்று உட்கார்ந்தன. நடுவிடம் காலியாகவே இருந்தது. க்ளெம் ஓரத்தில் இருந்த ஒன்றைச் சுட்டான். அது புரண்டு விழுந்தது.

மற்றவை பறக்கவில்லை.

வெடிச்சத்தம் கேட்டால் அரை மைல் தூரத்துப் புறாக்கூடப் படபடவென்று எழும். இவை தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தன. பிறகு மேயத் தொடங்கின. க்ளெம் துப்பாக்கியை மடியில் வைத்தான். தேநீர் ஆறிப்போகும்வரை குடிக்கவில்லை. வைத்ததில் ஏதோ தப்பு, நாளைக்கு மாற்றிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னான்.

மாற்றிப் பார்த்தான். லாடத்தை அகலமாக்கினான், குறுக்கினான், இடமே மாற்றினான். எப்படி வைத்தாலும் நடு காலியாகவே இருந்ததாம். முதலில் இதையெல்லாம் சாப்பிடும்போது எரிச்சலாகச் சொன்னான். பிறகு எரிச்சல் போயிற்று. பிறகு சொல்வதும் நின்றது. காலையில் முன்னைவிடச் சீக்கிரம் போனான். நான் கொல்லையில் துணி உலர்த்தும்போது வெடிச்சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பேன். ஒன்றும் கேட்காது.

மிஸ்டர் கூச் வீட்டுக்கே வந்துவிட்டார். எனக்கு வெளியாட்களிடம் பேச்சு வராது. கதவைப் பாதி திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். "உங்க அண்ணன் அங்க புறா சுடுறானா, இல்ல அதுங்களுக்கு வேதம் வாசிக்கிறானா?" என்று கேட்டார். பட்டாணி பாதி போய்விட்டதாம். அவனிடம் சொல்கிறேன் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டேன்.

அன்று மாலை க்ளெமின் கோட்டைத் துவைக்க எடுத்தேன். பையில் கசங்கிய பட்டாணித் தளிர்கள் இருந்தன. சிலவற்றில் கடித்த தடம் இருந்தது. சமையலறையில் அவன் நாற்காலி அடுப்பை விட்டு நகர்ந்து கிழக்கு ஜன்னலைப் பார்த்துக் கிடந்தது. நான் அதை அடுப்பருகே இழுத்துப் போட்டேன். அடுத்த நாள் அது மேற்குச் சுவரைப் பார்த்துக் கிடந்தது. அந்தச் சுவரில் பார்க்க ஒன்றும் கிடையாது. நான் வெளியே போய்த் தேவாலயக் கோபுரத்தில் காற்று வரும் திசையைக் காட்டும் இரும்புச் சேவலைப் பார்த்தேன். அதுவும் மேற்கே திரும்பியிருந்தது.

அதற்கு மறுநாள் தேநீரோடு போனபோது மறைப்பு காலியாக இருந்தது. துப்பாக்கி மட்டும் வேலியில் சாய்ந்திருந்தது. க்ளெம் லாடத்தின் நடுவில் முட்டி போட்டிருந்தான். கைகளை விலாவோடு ஒட்டி மடக்கி வைத்திருந்தான். சுற்றிலும் புறாக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்து வந்தான். தூக்கம் கலைந்த குழந்தைபோல இருந்தது அவன் முகம்.

"அந்த எடம் யாருக்கோ விட்டு வெச்சது மாதிரி இருக்கு ஆட்ரி. போய் உக்காந்தா நல்லா இருக்கு. பயம்னு ஒண்ணு உள்ள இருந்ததே அப்பதான் தெரியுது, அது போனதுக்கப்புறம்."

போக வேண்டாம் என்று சொன்னேன். அழுதேன். சரி என்று தலையாட்டினான். மறுநாள் விடிந்தபோது அவன் படுக்கை காலி.

நான் நேராக மேபல் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன். அவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார். பெர்சி எப்படிக் கிடந்தார் என்று கேட்டேன். அவர் மறைப்புக்குள் மாரடைப்பில் போனார் என்றுதான் ஊரே நினைத்திருந்தது. அன்று க்ளெம் காய்ச்சலில் வீட்டில் கிடந்தான். போய்ப் பார்த்தது மேபல் மட்டுமே.

"மறைப்புல இல்ல. நடுவுல. முட்டி போட்டு, காத்தப் பாத்துக்கிட்டு. மேல ஒரு புறா உக்காந்திருந்துச்சு. டாக்டர் இதயம்னாரு. சரி, இதயந்தான். நின்னுபோனா இதயந்தானே." உரித்த தோலை ஒரு பக்கம் ஒதுக்கினார். "முதல்ல பேச்சு கொறஞ்சுது. அப்புறம் நாற்காலி நகந்துச்சு."

நாற்காலியைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"தெரிஞ்சா குடுத்தீங்க?"

"அவரு போனதும் அந்த எடம் மறுபடி காலி. ஒரு நாள் பாத்தா, நான் கொட்டகையில முட்டி போட்டு உக்காந்திருக்கேன். எப்ப போனேன்னே தெரியல. அதுக்கு யாராவது வேணும், பொண்ணே. நானா இல்லாம இருந்தா போதும்னு நெனச்சேன்." அவர் முகத்தைத் திருப்பவில்லை. "திட்டு. திட்டறதுக்குத்தான வந்த."

நான் சைக்கிளை எடுத்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் ஒன்றையே யோசித்தேன். வெடிச்சத்தத்துக்குப் பறக்காத புறா வேறு எதற்குப் பறக்கும்? வீட்டுக்குள் நுழைந்ததும் சமையலறை ஜன்னல் விளிம்பில் அந்தப் பளபளப்புப் பொம்மை இருந்தது. ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே.

ஈரத்தில் இன்னும் மின்னட்டும் என்று வயலோரத்து ஓடையில் அதை நன்றாக முக்கி எடுத்தேன். க்ளெம் நேற்று மாதிரியே நடுவில் இருந்தான். தலை முன்னைவிடக் குனிந்திருந்தது. தோளில் ஒரு புறா இருந்தது. கூப்பிட்டேன். காது கேட்ட அடையாளமே இல்லை. நான் நடக்க, புறாக்கள் வீட்டுக் கோழிகள்போல ஒதுங்கி வழிவிட்டன. அவற்றின் மார்பு என் கணுக்காலில் உரசியது. மரப்புறாக்கள் எவை, மற்றவை எவை என்று எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

லாடத்துக்குள் கால் வைத்ததும் காற்று குத்துவது நின்றது. குளிர் போயிற்று. சின்ன வயதிலிருந்து யார் முன்னால் நின்றாலும் என்னோடு இருந்த பயம் சட்டென்று இல்லாமல் போயிற்று. மண் மிருதுவாக இருந்தது. க்ளெமுக்குப் பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் இருந்தது. ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் என்ன என்று தோன்றியது. உட்காரவும் செய்தேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பிறகு பார்த்தபோது என் பாவாடை முட்டிவரை சேறாக இருந்தது.

கையிலிருந்த பொம்மையிலிருந்து தண்ணீர் மணிக்கட்டு வழியாக உள்ளே இறங்கியது. அது மட்டும் குளிர்ந்தது. அந்தக் குளிரைப் பிடித்துக்கொண்டுதான் நான் கையை நீட்டினேன். பொம்மையின் அடியில் இருந்த குச்சியை க்ளெமின் முகத்துக்கு நேரே மண்ணில் ஊன்றினேன். காற்றுக்கு முதுகைக் காட்டி ஊன்றினேன். எந்தப் புறாவும் அப்படி உட்காராது.

வெயில் இல்லை. ஆனாலும் அது மின்னியது. அவ்வளவு அசிங்கமாக, அவ்வளவு பொய்யாக மின்னியது.

அடுத்த கணம் வயல் மொத்தமும் எழுந்தது. இறக்கைச் சத்தம் கூரை சரிகிற மாதிரி இருந்தது. முகத்தில் மண்ணும் இறகும் அடித்தன. கண்ணைத் திறந்தபோது வானம் காலியாக இருந்தது. மரப்புறாக்கள் மட்டும் வெறும் மரமாக நின்றன. க்ளெம் கைகளை ஊன்றிக் குப்புற விழுந்திருந்தான். மூச்சு இழுத்தது. தலையைத் தூக்கி எதிரே இருந்ததைப் பார்த்தான்.

"எந்த முட்டாள் இத இங்க வெச்சது?"

"நான்தான்."

"நடுவுல யாராவது பொம்மை வெப்பாங்களா? அதுவும் காத்துக்கு முதுகக் காட்டி. நாள் முழுக்கப் பாழ் பண்ணிட்டியே." பேசிக்கொண்டே எழப் பார்த்தான், முடியவில்லை. தன் முட்டிகளைப் பார்த்தான். கால்சட்டை தொடைவரை ஈரமாகி மண்ணோடு ஒட்டிப்போயிருந்தது. பிறகு என்னைப் பார்த்தான். என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

மரப்புறாக்களை எரித்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். புகையும் காற்றோடுதான் போகும், அது ஊருக்குள்ளே வர வேண்டாம் என்றான் க்ளெம். சாக்கை இருவரும் பிடித்துத் தூக்கிப் பெரிய வாய்க்காலுக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்தோம். அது நேராகக் கடலுக்குப் போகிற வாய்க்கால்.

மரம் மூழ்காது என்று தெரியும். முதலில் குவியலாக மிதந்தன. நீரோட்டம் ஒவ்வொன்றாகப் பிரித்தது. ஒவ்வொன்றும் மெல்லத் திரும்பி, காற்றைப் பார்த்துத் தலையை வைத்துக்கொண்டது. காற்று எங்கள் பக்கமிருந்து வீசியது. எங்களைப் பார்த்தபடியே பின்பக்கமாக நகர்ந்து போயின. போகப் போக இரண்டு கரைப் பக்கமும் ஒதுங்கி லாடமாயின. நடுவில் தண்ணீர் மட்டும் சுருக்கமே இல்லாமல் தட்டையாக இருந்தது.

"வாய்க்கால் போற வழியில, கீழ யாரு நெலம்?" என்று க்ளெம் கேட்டான். எனக்குத் தெரியவில்லை.

அவன் வலது கால் கரைச்சரிவில் ஒரு அடி இறங்கியது. நான் ஒரு கையால் அவன் சட்டைக் கையைப் பிடித்தேன். இன்னொரு கையால் அந்தப் பளபளப்புப் பொம்மையை அவன் முகத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவே தூக்கிப் பிடித்தேன்.

"அந்தக் கண்றாவிய கீழ எறக்கு. எனக்கே பயமா இருக்கு" என்றான்.

கை வலித்தது. அவை வளைவு தாண்டி மறையும்வரை நான் இறக்கவில்லை.