அக்காவுக்கு எந்த மெஷின்

கதவைத் திறந்த அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பிகள் இரண்டு பேரும் ஒன்றாக நின்றிருந்தார்கள். சின்னவன் தோளில் மெல்லிய வெள்ளிநிற லேப்டாப் தொங்கியது. பெரியவன் ஒரு கறுப்புப் பெட்டியைக் குழந்தையைப்போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தான். ஒரு வருடமாக முகம் கொடுத்துப் பேசாதவர்கள், குறுகலான மாடிப்படியில் இடித்துக்கொண்டே ஏறி வந்திருந்தார்கள்.

"என்னடா, ரெண்டு பேரும் வீடு தெரியாம வந்துட்டீங்களா?" என்றாள். 'தெரியாம' என்ற இடத்தில் அவள் நாக்கு கொஞ்சம் இடறியது. மூவருமே அதைக் கவனிக்காதவர்களைப்போல உள்ளே போனார்கள்.

அவளுடைய நோய்க்கு நீளமான ஒரு பெயர் இருந்தது. தசைகள் ஒவ்வொன்றாகத் தளரும். அவளுக்கு நாக்கில் தொடங்கியிருந்தது. பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மா ஒரு வழி சொல்லியிருந்தார். குரல் நன்றாக இருக்கும்போதே சில நூறு வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்துவிட்டால், பின்னால் அவள் தட்டச்சு செய்வதைக் கம்ப்யூட்டர் அவள் குரலிலேயே பேசும். "தள்ளிப் போடாதீங்க" என்றும் சொல்லியிருந்தார்.

அந்தக் குரல் தனக்கு வேண்டும் என்று அக்கா நினைக்கவில்லை. அவள் கணவன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதிக்குமேல் சாலையில் இருப்பான். அவர்களுடைய கல்யாண வாழ்க்கை பெரும்பாலும் போனிலேயே நடந்தது. அவன் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஓட்டுவான், இவள் பேசுவாள். குழாயில் தண்ணீர் நின்றது, கீழ்வீட்டுக்காரி கோபித்துக்கொண்டது, பாதி பார்த்த படத்தின் கதை, எல்லாம் பேசுவாள். எங்கோ ஒரு சமவெளியில், இரண்டு பக்கமும் ஒன்றுமே இல்லாத சாலையில், தன் குரல் அவனோடு போய்க்கொண்டிருப்பதாக அவள் கற்பனை செய்துகொள்வாள். "நீ பேசலேன்னா எனக்கு ரோடே தெரியாது" என்று அவன் ஒருமுறை சொல்லியிருக்கிறான். அவன் சொன்ன நீளமான காதல் வசனம் அதுதான்.

தம்பிகள் கதை வேறு. அப்பாவின் கம்ப்யூட்டர் கடையை, அவர் போன பிறகு, நடுவில் பிளைவுட் அடித்து இரண்டாக்கிக்கொண்டவர்கள் அவர்கள். பெரியவன் உதிரிபாகங்களைப் பார்த்துப் பார்த்து வாங்கி, தன் கையால் மெஷின் பூட்டி, அதில் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டுக் கொடுப்பான். பெட்டியையும் சிஸ்டத்தையும் ஒரே கம்பெனி செய்கிற விலை உயர்ந்த லேப்டாப்களைச் சின்னவன் விற்றான். பிளைவுட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து, வாடிக்கையாளர்கள் வழியாகவே திட்டிக்கொள்வார்கள். "பக்கத்துல போய் ஏமாந்துட்டு வாங்க சார், அப்புறம் நிதானமாப் பேசலாம்."

இப்போது அந்தப் பிளைவுட் இல்லாமல், அக்காவின் முன்னறை மேசையில் இரண்டு மெஷின்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன.

"நாளைக்கு ஒரு பார்ட் போச்சுன்னா எந்தக் கடையிலயும் வாங்கி மாட்டிக்கலாம். உன்னோடதுல ஒரு ஸ்க்ரூவைக் கழட்டணும்னாலே கம்பெனிக்கு மனு போடணும்" என்றான் பெரியவன்.

"என்னோடதைக் கழட்டவே வேணாம்ணே. உங்களோடதை மூடவே வேணாம். அதான் வித்தியாசம்."

"உன் விலைக்கு நான் மூணு மெஷின் குடுப்பேன்டா."

"மூணு எதுக்கு? ஒண்ணு ஓட, ரெண்டு தள்ளவா?"

அக்கா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

அப்பா காலத்திலிருந்து அந்தக் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊறப்போடாமல் எந்த மெஷினும் வாடிக்கையாளர் கைக்குப் போகாது. நாள்கணக்கில் நிறுத்தாமல் ஓட விட்டு, சூடு பார்த்து, நடுவில் பிளக்கைப் பிடுங்கி, தானாக எழுந்திருக்கிறதா என்று சோதிப்பதற்குப் பெயர்தான் ஊறப்போடுவது. எல்லாவற்றிலும் பிரிந்துபோன சகோதரர்கள் இதை மட்டும் ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அக்காவின் குரலையே ஒப்படைக்கப்போகிற மெஷினை ஊறப்போடாமல் எப்படி?

தினமும் சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வந்தார்கள். பெரியவன் மெஷினுக்கு ஒருநாள் மைக் இருப்பதே தெரியவில்லை. "காது கேக்காத மெஷின்ல குரலைப் பதியப் போறாராம்" என்று சின்னவன் துள்ளினான். அடுத்த வாரம் வெள்ளி லேப்டாப் யாரையும் கேட்காமல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு அணைந்து எழுந்தது. "அக்கா பேசிட்டிருக்கும்போது இப்படிப் பண்ணினா? பாதிப் பேச்சுல வாயைப் பொத்துமா?" என்று பெரியவன் கேட்டான். ஊறல் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

"ரெண்டுலயுமே பேசிடட்டுமாடா?" என்று அக்கா ஒருநாள் கேட்டாள்.

"வேணாம்க்கா, உனக்கு மூச்சு வாங்கும்" என்றான் சின்னவன். "ஒண்ணுல பேசினது இன்னொண்ணுக்குப் போகாது. எதுன்னு முடிவு பண்ணிட்டு ஒரே தடவை பேசிக்கலாம்."

"போகவே போகாது" என்றான் பெரியவன்.

அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. இவனுடைய சிஸ்டத்தில் ஓடுவது அவனுடையதில் ஓடாது என்று சொல்லிச் சொல்லியே பிழைத்தவர்கள். குரலும் அப்படித்தான் என்று நம்பினார்கள். யாரையும் கேட்டுப் பார்க்கவில்லை.

அக்காவும் வற்புறுத்தவில்லை. கணவன் போனில், "ஏதோ ஒண்ணை வாங்கி முடிங்கடான்னு மச்சான்கள்கிட்டச் சொல்லு" என்று சொன்னபோதுகூட, "இருக்கட்டும், சண்டை நல்லாப் போகுது" என்றாள். அறையில் இரண்டு மின்விசிறிகளின் முனகலும் இரண்டு தம்பிகளின் வாக்குவாதமும் சேர்ந்து கேட்பது அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு மெஷின் ஜெயித்துவிட்டால் ஒருவன் நாளையிலிருந்து வரமாட்டான் என்று பயந்தாள்.

பிறகு மழை பிடித்தது, அவளுக்குச் சளி கட்டியது. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தது நெஞ்சுக்குள் இறங்கியது. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தாள். வெளியே நடைபாதைப் பெஞ்சில் தம்பிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"உன்னோடதையே வெச்சிடலாம்டா" என்றான் பெரியவன். "அக்காவுக்குத் தூக்க லேசா இருக்கும்."

"இல்லண்ணே, உங்களோடதுதான் நல்லது. பழுதானா நீங்களே பாத்துக்கலாம்."

"சொன்னாக் கேளுடா."

"நீங்க கேளுங்கண்ணே."

அதற்கும் கொஞ்ச நேரம் சண்டை நடந்தது. குரல் உயர்த்தாத சண்டை. கடைசியில் வெள்ளி லேப்டாப் என்று முடிவானது.

வீட்டுக்கு வந்த அக்காவின் வாயில் சொற்கள் கரைந்துபோயிருந்தன. உயிரெழுத்துகளை மட்டும் யாரோ உருட்டி விடுவதைப்போல இருந்தது. டாக்டரம்மா வந்து மைக்கை அவள் முன்னால் வைத்துச் சில வாக்கியங்களைப் படிக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, மெதுவாக மைக்கை நகர்த்தினார்.

"முன்னாடி பதிவு பண்ணினது இருக்கும்ல? அதைக் குடுங்க. போன்ல பேசி வெச்சதா இருந்தாலும் போதும்."

"எந்த சிஸ்டத்துல பண்ணினதுங்க?" என்று கேட்டான் சின்னவன்.

"எதுல பண்ணினா என்ன தம்பி? அது வெறும் சத்தம்தானே. எந்த மெஷினுக்கும் குடுக்கலாம்."

பெரியவன் அறையின் மூலையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த தன் கறுப்புப் பெட்டியைப் பார்த்தான். போய் அதன் சுவிட்சை அணைத்தான். சின்னவன் அண்ணனின் முதுகைப் பார்த்தபடியே நின்றான். மூன்று பேருடைய போன்களிலும் தேடினார்கள். அக்கா மௌனமாகச் சிரிக்கும் படங்கள் இருந்தன. கூட்டத்தின் இரைச்சலுக்குள் அவள் யாரையோ கூப்பிடுகிற ஒரு துண்டு வீடியோ இருந்தது. தினமும் கிடைத்துக்கொண்டிருந்ததை எடுத்து வைக்க யாருக்கும் தோன்றியதில்லை. அக்கா கையை நீட்டிச் சின்னவன் கன்னத்தைத் தட்டினாள். பெரியவன் பக்கத்தில் வரவில்லை.

மெஷினோடு கூடவே வந்த ஒரு பெண் குரலை வைத்துக்கொண்டார்கள். தெளிவான, படித்த, யாருடையதும் அல்லாத குரல்.

அன்று சாயங்காலம் கணவனின் போன் வந்தது. தம்பிகள் சமையலறைப் பக்கம் ஒதுங்கினார்கள். அக்கா தட்டச்சு செய்தாள்.

"சாப்பிட்டாச்சா? எங்கே இருக்கே?" என்றது மெஷின்.

மறுமுனையில் லாரியின் இரைச்சலுக்கு நடுவே அவன், "போனை அவகிட்டக் குடுங்க" என்றான்.

"நான்தான் பேசுறேன்."

"அந்தம்மாவைப் போனை வெச்சிரச் சொல்லு" என்றான். விளையாட்டாகத்தான் தொடங்கினான். பாதியில் அது விளையாட்டாக இல்லை. "எனக்கு அவங்க யாருன்னே தெரியாது. அவங்களை வெச்சிரச் சொல்லு, நீ வா."

அக்கா போனை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டு பேசினாள். அவன் பெயரைத்தான் சொன்னாள். என்ன சொன்னாள் என்று அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை. வண்டியை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது. என்ஜின் நின்றது. அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

பிறகு, "சரி" என்றான். "அந்தம்மாவே பேசட்டும். நீ பக்கத்துலயே இரு."

அவள் போனை மெஷினருகே வைத்துவிட்டு, ஒற்றை விரலால் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். அந்தக் குரல் ஒரு எழுத்தும் பிசகாமல் படித்தது.